மிக்சர் பக்கத்தில் ஒரு நாற்காலி

நம் மைக் செட்டுக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, உள்ளூர்ப் பாட்டுக்காரர்களை ஆதரிப்பது எப்படி என்று நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படித்துப் பயன்பெற வேண்டுமாம். கம்பம் பள்ளத்தாக்கில் முப்பது வருஷம் மைக் செட் கட்டியவன் என்பதால் என்னைப் பிடித்திருக்கிறீர்கள். என் பெயருக்குக் கீழே ‘ஓய்வு பெற்றவர்’ என்று போடப்போவதாகவும் சொன்னீர்கள். தாராளமாகப் போடுங்கள். நான் எப்படி ஓய்வு பெற்றேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஆதரவும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களை ஆதரிப்பதில் நம் பக்கத்து ஊர்களை மிஞ்ச ஆள் கிடையாது. திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிப்பார்கள். அதில் விழாக் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நிற்பார்கள். பாடப்போகிறவர்களின் படமும் இருக்கும். கீழ் மூலையில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும். வெளியூர்க் குழு என்றால் தேனியில் ரூம் போட்டு, காரில் அழைத்து வந்து, காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்பார்கள். உள்ளூர்க் குழுவுக்குப் பள்ளிக்கூட வராண்டா. சேலை மாற்றிக்கொள்ள ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. “நம்ம பிள்ளைகதான, கடைசிப் பந்தியில சாப்புட்டுக்கிருவாக” என்பார்கள். நம்ம பிள்ளை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் தப்பில்லை.

பொன்னாடை இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒரு வழக்கம். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது வெள்ளை வேட்டியும் கூட நாலு பேருமாக யாராவது மேடைப் பக்கம் வந்துவிட்டால், பாட்டு நின்றுவிட வேண்டும். அனுபல்லவியோ சரணமோ, எந்த இடத்தில் இருந்தாலும் நிற்க வேண்டும். வந்தவருக்குப் பொன்னாடை. பதிலுக்கு அவர் கமிட்டித் தலைவருக்குப் போடுவார். தலைவர் அவரோடு வந்தவருக்கு. இப்படி ஒரே துண்டு நாலு தோளில் ஏறி இறங்கி முடிந்ததும், “பாட்டைத் தொடரலாம்” என்று அனுமதி வரும். எந்த இடத்தில் விட்டோம் என்று பாடுகிறவளுக்கும் தெரியாது, கேட்கிறவனுக்கும் தெரியாது. இதற்குப் பெயர் கலையை வளர்ப்பது.

இதிலெல்லாம் நமக்குப் பங்கில்லை, நாம் வயர் இழுக்கிறவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. ஆனி மாதம் அம்மன் கோயில் திருவிழா. அந்த வருஷம் கமிட்டிக்குத் திடீரென்று உள்ளூர்ப் பாசம் பொங்கி, செல்வராணியின் இன்னிசைக் குழுவைப் பேசியிருந்தார்கள். செல்வராணி பகலில் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவள். பொழுது சாய்ந்தால் கல்யாணம், காதுகுத்து என்று பாடப் போவாள். கீபோர்டு வாசிக்கிற காதர் பாய்க்கு உத்தமபாளையத்தில் செல்போன் கடை. டிரம் வாசிக்கிறவர் ஆட்டோ ஓட்டுகிறார். பள்ளத்தாக்கில் அவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது. இருந்தது என்று எழுதுகிறேன் பாருங்கள், அதைக் கெடுத்தவன் நான்தான்.

மதியம் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கமிட்டித் தலைவர் வந்தார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர், மைக்கைக் கண்டால் விடமாட்டார். என்னைத் தனியாக அழைத்து ஒரு பென் டிரைவைக் கையில் வைத்தார். நம்ம பிள்ளைகளை ஆதரிக்கத்தான் வேண்டும், அதே சமயம் பாட்டும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா என்றார். இரண்டும் ஒரே மேடையில் நடக்காது என்பது அவர் முடிவு. குழுவிடம், இசை மட்டும் பென் டிரைவில் ஓடும், செல்வராணி கூடவே பாடினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். காதர் பாய்க்கு முகம் சுண்டிப்போனாலும், கிடைத்த மேடையை விட மனமில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அந்த பென் டிரைவில் யாரோ பெரிய பாடகியின் குரலும் சேர்ந்தே இருந்தது. அது தலைவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

“அந்தப் புள்ளயோட மைக்கக் கொறச்சுப்புட்டு இத ஏத்தி விட்ருங்கண்ணே. அது பாட்டுக்கு அங்கன நின்னு பாடட்டும். யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்காததற்கு என்னிடம் அருமையான காரணங்கள் இருந்தன. மைக் செட்டுக்காரனைக் கூப்பிடுவது கமிட்டி. கமிட்டி சொல்வதைக் கேட்பது தொழில் தர்மம். இதே தர்மத்தைச் சொல்லித்தான் உலகத்தில் பாதி அக்கிரமம் நடக்கிறது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

மேடையில் பாடுகிறவர்களின் காலடியில் ஒரு சின்னப் பெட்டி வைப்போம், அவர்கள் குரல் அவர்களுக்குக் கேட்பதற்காக. அதில் செல்வராணியின் குரலைச் சத்தமாக வைத்தேன். வெளியே கூட்டத்தைப் பார்த்த பெரிய பெட்டிகளில் பென் டிரைவ். அவள் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடினாள், கூட்டம் வேறொருத்தியின் குரலைக் கேட்டுத் தலையாட்டியது. மொத்த ஊரிலும் அவள் பாடியதைக் கேட்ட ஒரே ஆள் நான், ஹெட்போன் வழியாக. நன்றாகப் பாடினாள். அதை இப்போது சொல்லி என்ன புண்ணியம்.

மூன்றாவது பாட்டில் குமுளிப் பக்கமிருந்து காற்று இறங்கியது. ஆனி மாதக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பந்தலையே தூக்கும். மண் பறந்து அவள் வாயில் விழுந்தது. மைக்கை விலக்கிக் குனிந்து இருமினாள். பாட்டு மட்டும் ஒரு பிசிறில்லாமல் இனிமையாக ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் ஒரு நொடி திகைத்துவிட்டுச் சிரித்தது. செல்வராணி நிமிர்ந்தாள். எங்கிருந்து வருகிறது என்று பெரிய பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் உடனே நிறுத்தியிருக்கலாம். கை வரவில்லை. பாட்டு முடியும்வரை அவள் வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். முடிந்ததும் மைக்கை அதன் இடத்தில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள். தலைவர் பொன்னாடையோடு பின்னாலேயே ஓடினார். ஆதரவில் குறை வைக்கக்கூடாது இல்லையா.

மறுநாள் காலையில் நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அவளே வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

“நேத்து நான் பாடுனது யாருக்குண்ணே கேட்டுச்சு?” என்று கேட்டாள்.

“எனக்குக் கேட்டுச்சுத்தா. நல்லாத்தான் பாடுன.”

“அப்ப ஒத்த ஆளுக்குத்தான் கச்சேரி” என்றாள். போய்விட்டாள்.

அடுத்த மாதத்துக்குள் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் எல்லாப் பக்கமும் அந்தக் குழுவுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது, வாயசைக்கிற செட்டு. பெண் வீட்டார் பேசிவைத்த கல்யாணக் கச்சேரிகள் வேறு குழுவுக்குக் கைமாறின. பெட்டியில் ஓடுகிற பாட்டுக்கு எதற்கு ஆட்கள், பெட்டியே போதுமே என்றார்கள். காதர் பாயின் கடைக்குப் போனை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர்கள்கூட, “பாய், இதுலயாச்சும் நெசமான சத்தம் வருமா” என்று கேட்டார்களாம். அவர்கள் ஏமாற்றவில்லை, ஏமாற்றப்பட்டவர்கள் என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் தலைவர். இன்னொருவன் அந்த வருஷம் முழுக்க வாயே திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் பெயர் மீண்டுவிடும், என் பெயர் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வயரைத் துடைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

அடுத்த ஆனி வந்தது. அதே ஊர், அதே கமிட்டி. இந்த முறை பாசமெல்லாம் வடிந்து, டிவியில் வந்த வெளியூர்க் குழு ஒன்றைப் பிடித்திருந்தார்கள். மூன்று மணிக்கு வர வேண்டிய வேன் ஆண்டிபட்டிக் கணவாயில் நின்றுவிட்டது. இதோ வருகிறோம் என்று நாலு மணிக்குச் சொன்னார்கள், அதையே ஐந்து மணிக்கும் சொன்னார்கள், பிறகு போனை எடுக்கவில்லை. திடலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைவர் வேர்வையோடு என்னிடம் வந்தார். செல்வராணியைக் கூப்பிட முடியுமா, நீங்கள் கூப்பிட்டால் வருவாள் என்றார். நான் கூப்பிட்டால் வருவாளாம். அவர் மறதியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

போனில் கேட்கத் துணிவில்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனேன். வெட்டு முடிந்து திராட்சைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வராணியோடு அவள் புருஷனின் அக்கா பேச்சியம்மாளும் இருந்தாள். பேச்சியம்மாளின் வாய்க்குத் தோட்டத்துக் கங்காணியே பயப்படுவார். என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே, பென் டிரைவ் கொண்டாந்துருக்கீகளா” என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். செல்வராணி கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். வருகிறேன் என்றாள். ஆனால் இரண்டு நிபந்தனை. பெட்டியில் எதுவும் ஓடக்கூடாது, காதர் பாயும் டிரம்மும்தான் வாசிப்பார்கள். எவர் வந்தாலும் பாட்டை நடுவில் நிறுத்தக்கூடாது. இரண்டுக்கும் நான் தலையாட்டினேன்.

“இன்னொண்ணு. எங்க மதினி ஒங்க பக்கத்துல ஒக்காந்துருக்கும்.”

“எதுக்குத்தா?”

“ஒங்க கையப் பாத்துக்கிறதுக்கு” என்றாள்.

முப்பது வருஷம் தொழில் செய்தவன். திருட்டுப் பயத்துக்கு ஆள் வைப்பதுபோல என் கைக்குக் காவல் வைத்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பது அதைவிட அவமானமாக இருந்தது. சரி என்றேன்.

ஆறரை மணிக்குப் பாட்டு தொடங்கியது. சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். அதிலிருந்த குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது யாரோடது, இது யாரோடது என்று கேட்டாள். இதுதான் செல்வராணியின் மைக் என்று காட்டியதும் கண்ணை அதைவிட்டு எடுக்கவில்லை. என் மூக்கில் அரித்தபோது கையைத் தூக்கவே பயமாக இருந்தது.

மேடையில் ஆளைப் பார்த்ததுமே கூட்டத்தில் முணுமுணுப்பு. வாயசைக்கிற செட்டுடா என்று யாரோ சொன்னது மிக்சர்வரை கேட்டது. முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

“ஏத்தா, ஒருக்கா இருமிக் காட்டு பாப்போம்.”

ஒரே சிரிப்பு. செல்வராணி பாட்டை விடாமல், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் காதர் பாய் வாசிக்கும்போது, மைக்கை நன்றாக வாய்க்குப் பக்கத்தில் வைத்து இரண்டு முறை இருமினாள். எட்டுப் பெட்டியிலும் இருமல் அதிர்ந்தது. அடுத்த மூச்சில் சரணத்தை எடுத்தாள். இருமச் சொன்னவனே கை தட்டினான். பேச்சியம்மாள் முதல்முறையாக முதுகை நாற்காலியில் சாய்த்தாள்.

பாதிக் கூட்டம் நம்பியது. மீதிப் பாதிக்கு, இந்த வருஷம் நிஜம்தான், ஆனால் போன வருஷம் ஏமாற்றினார்கள்தானே என்ற கணக்கு பாக்கியிருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நாலாவது பாட்டு தாலாட்டு மெட்டு. திடல் மெல்ல அடங்கி, கடலை விற்கிறவர்கூடக் கூவுவதை நிறுத்தியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளை வேட்டி வந்தது. முன்பு ஏதோ பதவியில் இருந்த பெரியவர், கூட நாலு பேர், கையில் மாலை. தலைவர் மேடையேறி அறிவிப்பு மைக்கைக் கையில் எடுத்தார். செல்வராணி பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள். போன வருஷம் பார்த்த அதே பார்வை.

“அண்ணே, அவுக வாயத் தொறக்கப்போறாக” என்றாள் பேச்சியம்மாள்.

யோசிக்க நேரம் இருந்தது என்று சொன்னால் அது பொய். என் கை அறிவிப்பு மைக்கின் லெவலை அடியோடு இறக்கியது. தலைவர் பேசினார். ஒரு சத்தமும் வரவில்லை. மைக்கைத் தட்டினார். ஊதினார். மறுபடியும் பேசினார். உதடு அசைகிறது, கையை நீட்டிப் பெரியவரைக் காட்டுகிறார், தாலாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைத் தேடி அவர் திரும்பியபோது நான் மேஜைக்கு அடியில் குனிந்து வயர் தேடிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் நான் உங்களுக்குச் சொல்லித்தரக்கூடிய ஒரே நுணுக்கம் இதுதான். மேஜைக்கு அடியில் குனிந்திருக்கிற மைக் செட்டுக்காரனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

“இந்த வருசம் தலைவரு வாயசைக்கிறாக” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பெரியவர் மாலையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பாட்டைக் கேட்க ஆரம்பித்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. பாட்டு முழுதாக முடிந்தது. நம் பள்ளத்தாக்கில் வேட்டி வந்த பிறகும் ஒரு பாட்டு முழுதாக முடிந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் லெவலை ஏற்றினேன். தலைவரின் குரல் வந்தது. ஒலி அமைப்பு சரியில்லை, மைக் செட்டுக்காரர் ஒழுங்காகக் கவனிக்க வேண்டும், போன வருஷமும் இதே கோளாறுதான் என்று ஊர் முன்னால் சொன்னார்.

போன வருஷமும் என்ற வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். வயர் கோளாறு என்று தலையாட்டிவிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். மிக்சர் பக்கத்தில் பரிசோதனைக்கு ஒரு மைக் வைத்திருப்போம் இல்லையா, அதை எடுத்தேன். முப்பது வருஷத்தில் ‘ஹலோ, மைக் டெஸ்ட்’ தவிர நான் அதில் எதுவும் பேசியதில்லை.

“மைக்குல கோளாறு இல்ல. நாந்தான் அமத்தி வச்சேன். போன வருசமும் நாந்தான். அந்தப் புள்ள அன்னைக்கும் நெசமாத்தான் பாடுச்சு. ஒங்களுக்குக் கேக்கவிடாமப் பண்ணுனது ஏங் கைதான்.”

யார் சொல்லிச் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. மொத்தத் திடலும் தானாகவே தலைவர் பக்கம் திரும்பியது. அவர் பொன்னாடையை மடித்து, விரித்து, மறுபடியும் மடித்தார். செல்வராணி காதர் பாயிடம் அடுத்த பாட்டுக்குச் சுருதி கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க மறுபடியும் வயர் தேடினேன். நிமிர்ந்தபோது பேச்சியம்மாள் எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன். நீங்க பாத்துக்கங்கண்ணே” என்றாள்.

போனவள் வரவே இல்லை. கடைசிப் பாட்டுவரை அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. பிறகு பார்த்தால், கூட்டத்தின் நடுவே கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எந்தக் கமிட்டியும் என்னைக் கூப்பிடவில்லை. கையில் கட்டுப்பாடு இல்லாத ஆள் என்று பேச்சாம். இரண்டு வருஷம் பார்த்துவிட்டுப் பெட்டிகளை விற்றேன். அதைத்தான் நீங்கள் ஓய்வு என்று அச்சடிக்கப்போகிறீர்கள். செல்வராணி குழுவுக்கு இப்போது தேதி கிடைப்பதே கஷ்டம். ஃபிளெக்ஸில் படம் இன்னும் மூலையில்தான் வருகிறது, ஆனால் பழைய அளவைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னேற்றம்தான்.

மலர் வெளியீட்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். செல்வராணியைப் பாடவும் கூப்பிட்டிருக்கிறீர்களாம். பொன்னாடையைப் பாட்டு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான் கொஞ்சம் முன்னதாகவே வந்து மிக்சர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். இந்தக் கிழவன் ஏன் நம் கையையே பார்க்கிறான் என்று உங்களில் யாருக்காவது எரிச்சல் வரும், வரட்டும். இரண்டு மூன்று பாட்டு போனதும் நான் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனால், நீங்கள் தொழில் கற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.